மெதுவாக ஏறுவோம்

நேபாளத்தில் மனாங் என்ற மலைக்கிராமம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே தொரோங் லா கணவாய். கணவாய் என்றால் மலைகளுக்கு நடுவே உள்ள வழி. இதன் உயரம் 5,416 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்!

அப்படியானால் எப்படித் திட்டமிடுவது? 3,000 மீட்டரைத் தாண்டியதும், தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மனாங்கில் பலர் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள். அப்போது உடல் அந்தக் காற்றுக்குப் பழகும்.

"தலை வலிக்குது, வாந்தி வருது" என்று யாராவது சொன்னால் மேலே ஏறக் கூடாது. ஓய்வு எடுத்தும் குறையவில்லையா? உடனே கீழே இறங்க வேண்டும். "கொஞ்ச தூரம்தானே, போயிடலாம்" என்று நடந்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால் திட்டத்தில் இரண்டு மூன்று நாட்களை மிச்சம் வையுங்கள்.