கருவேல முள்ளில் சுத்தின காத்தாடி

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளா நீங்க? அப்போ பனையோலையில கருவேல முள்ளைக் குத்தி, காத்தாடி செஞ்சு வரப்பில் தலைதெறிக்க ஓடியிருப்பீங்க. மோட்டார் கிடையாது; ஓடினால் சுத்தும். ஆட்டோகைரோ என்ற விமானத்தின் தலைக்கு மேலே சுழலும் ரோட்டாரும் அப்படித்தான். இன்ஜின் வண்டியை முன்னே தள்ள, காற்றே ரோட்டாரைச் சுற்றிவிடும்.

ஸ்பெயின் இளைஞர் ஹுவான் தெ லா சியர்வா வடிவமைத்த விமானம் 1919-ல் வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியது. 'வேகம் குறைஞ்சாலும் விழாத ஒண்ணு வேணும்' என்று கிளம்பினார் மனுஷர். முதல் மூன்று ஆட்டோகைரோவும் சொதப்பல்! காற்றை எதிர்த்து வரும் பிளேடுக்குத் தூக்குவிசை அதிகம், பின்வாங்கும் பிளேடுக்குக் குறைவு. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆனால், அவர் செய்த குட்டி மாடல் மட்டும் சமத்தாகப் பறந்தது. ஏன்? அதன் பிளேடுக்குள் இருந்தது வளைந்துகொடுக்கும் பிரம்பு! பிடித்துக்கொண்டார். பிளேடின் அடியில் கீல் வைத்தார், நம்ம வீட்டுக் கதவுக்கு இருக்குமே, அதே சங்கதி. 1923 ஜனவரியில் சி.4 பறந்தது. பிறகு வந்த ஹெலிகாப்டர்களும் அந்த வழியில்தான் போயின.

இன்று டெல்டா வயல்களில் மருந்தடிக்கும் ட்ரோனுக்குக் கீல் தேவையில்லை. ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடும்.

சியர்வா? 1936-ல் லண்டன் கிராய்டனில், பனிமூட்டத்தில் கிளம்பிய சாதாரணப் பயணி விமானம் விழுந்ததில் இறந்துபோனார். வயது 41.