உப்பேற்றும் சிறு வண்டியும் அதன் பிரேக்கும்

மரக்காணத்து அளங்களில் தை, மாசியில் தொடங்கும் உப்பு வாரல், வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரையில் நடைபெறுகிறது. முன்னாளில் இந்த உப்பு மாட்டு வண்டிகளில் ஏறிற்று; மரக்காணம் வரை வந்து முடியும் பக்கிங்காம் கால்வாயில் படகேறியும் சென்னைக்குப் போயிற்று. இன்று அளத்துக் கரையிலிருந்து குவியலுக்கும், குவியலிலிருந்து திண்டிவனம், புதுச்சேரிச் சந்தைகளுக்கும் உப்பைக் கொண்டு சேர்ப்பதில் சிறு சரக்கு வண்டிகளுக்குப் பெரும் பங்குண்டு. உப்பில்லாத நாட்களில் அதே வண்டிகள் தர்ப்பூசணியையும், மணிலாவையும், சவுக்குக் கட்டைகளையும் ஏற்றுகின்றன. நெசவாளர் வீடுகளுக்கு நூலும், அங்கிருந்து துணியும் அவற்றிலேயே செல்கின்றன.

இவ்வண்டிகளை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் பட்டறையில் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு: "பாரம் ஏற்றினால் பிரேக் பிடிப்பதில்லை; இன்னும் பெரிய பிரேக்காகப் போட்டுக் கொடுக்க முடியுமா?" கேள்வி நியாயமானதே. ஆனால் பிரேக்கைப் பெரிதாக்கப் பணம் செலவிடுமுன், இருக்கின்ற பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதை ஆராய வேண்டும். நம் கடற்கரையில் அதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று பாரம், மற்றொன்று உப்பு.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டி 2005-இல் விற்பனைக்கு வந்தபோது, அது சுமக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்த பாரம் 750 கிலோ. 2011-இல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் வண்டிக்கு ஒன்றேகால் டன். ஏஸ் வண்டியின் சரக்குத் தொட்டி ஏறத்தாழ ஏழடி நீளமும், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும், ஓரடி உயரமும் உடையது. இதில் ஈர உப்பைப் பலகை மட்டத்துக்குக் கொட்டினாலே ஒரு டன்னைத் தொட்டுவிடும். கண்ணுக்குத் தொட்டி நிறைந்ததாகவும் தோன்றாது. மேலே இன்னும் பத்து மூட்டை வைக்கலாம் போலிருக்கும். வைக்கோலை ஆளுயரத்துக்கு அடுக்கினாலும் வண்டிக்கு அது பாரமாவதில்லை. உப்பு அப்படிப்பட்ட சரக்கன்று. நூல் மூட்டையை அளந்து பழகிய கண்ணால் உப்பை அளந்தால் கணக்குத் தப்பிவிடும். வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசப்படும் இடங்களில், இரண்டு நடையை ஒரு நடையாக்க வேண்டும் என்னும் ஆசையும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

அதிகப் பாரம் பிரேக்கை என்ன செய்யும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. ஓட்டுநர் அபாயத்தைக் கண்டு காலை வைப்பதற்குள்ளாகவே இத்தூரம் கழிந்துவிடும். அதன் பிறகு, நல்ல பிரேக்குள்ள வண்டி அனுமதித்த பாரத்துடன் உலர்ந்த சாலையில் நிற்க ஏறத்தாழ 28 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாரத்தோடு கூடிய மொத்த எடை அனுமதித்ததைவிட நூற்றுக்கு நாற்பது பங்கு கூடி, பிரேக்கின் பிடிப்பு மட்டும் அதே அளவில் இருந்தால், அந்த 28 மீட்டர் 39 மீட்டராகிறது. கூடிய பதினொரு மீட்டர், இரண்டு வண்டிகளின் நீளத்துக்கு மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உல்லாசப் பயணிகளின் கார்கள் பறக்கின்றன. ஊர்தோறும் ஆடுமாடுகளும் பள்ளிப் பிள்ளைகளும் சாலையைக் கடக்கிறார்கள். அங்கே பதினொரு மீட்டர் எத்துணைப் பெரிய தூரம் என்பதை விவரிக்கத் தேவையில்லை. வேகத்தைக் குறைப்பதன் பலனும் இதே கணக்கில் தெரியும்: 60-ஐ 40 ஆக்கினால் பிரேக் போட்டபின் ஓடும் தூரம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. செலவின்றிக் கிடைக்கும் முதல் அபிவிருத்தி இதுவே.

இனி, பாரமேற்றுவோர் பலர் நல்லெண்ணத்தோடு செய்துகொள்ளும் ஒரு காரியத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பின்பக்கம் தாழ்கிறது என்று, ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கிறது. மனத்துக்கும் திருப்தியாக இருக்கிறது. ஆனால் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே பாரத்தை உணரும் ஒரு வால்வு உண்டு. சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே ஒரு சிறு கம்பி இணைந்திருக்கும். பாரம் ஏறிச் சட்டம் தாழ்ந்தால் கம்பி அசைந்து, பின் சக்கர பிரேக்குகளுக்கு அதிக அழுத்தத்தை விடும். வண்டி காலியாக இருந்தால் சட்டம் உயர்ந்திருக்கும், அழுத்தம் குறைக்கப்படும். இல்லாவிடில் பாரமில்லாத பின் சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுழலும்.

பட்டை சேர்த்த வண்டியில் நிகழ்வது என்ன? ஒன்றரை டன் உப்பு ஏறியும் சட்டம் தாழவில்லை. வால்வு, 'வண்டி காலியாக இருக்கிறது' என்று எண்ணிக்கொண்டு பின் பிரேக்குகளுக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. நிறுத்தும் வேலை முழுவதும் முன் சக்கரங்களின் தலையில் விழுகிறது. முன் டிஸ்க்குகள் காய்ந்து, பேட்டுகள் விரைவில் தேய்கின்றன. உடையவர் பட்டறைக்கு வந்து, "முன் பிரேக்கைப் பெரிதாக்கிக் கொடு" என்கிறார். பெரிதாக்க வேண்டியது ஒன்றுமில்லை. சேர்த்த பட்டையை எடுத்துவிட்டு, வால்வின் கம்பியைத் தயாரிப்பாளர் குறித்த அளவில் அமைத்தால், பாரம் அளவோடு இருக்கும் வரையில் இருக்கின்ற பிரேக்கே போதும்.

அந்தக் கம்பியும் அதன் கீலும் அமைந்திருக்கும் இடமோ நம் வண்டிகளில் மிக மோசமானது. தொட்டியின் அடியில், உப்பிலிருந்து ஒழுகும் நீர் நேரே விழும் இடத்தில் அவை இருக்கின்றன. கீல் துருவேறி அசையாமற் போனால், எந்த நிலையில் இறுகிற்றோ அதே நிலையில் வால்வு நின்றுவிடும். காலி நிலையில் இறுகினால் பாரத்தோடு பிடிப்பில்லை. பார நிலையில் இறுகினால், சரக்கை இறக்கிவிட்டு ஈரச் சாலையில் திரும்பும்போது பின்புறம் வழுக்கிச் சுற்றும். விரலால் அசைத்துப் பார்த்தாலே தெரியக்கூடிய இந்தக் குறையை, அந்த வால்வு இருப்பதையே அறியாத காரணத்தால் பலர் பார்ப்பதில்லை.

உப்பு எவ்வாறு இரும்பைத் தின்கிறது என்பது அளத்தில் வேலை செய்வோர்க்குப் புதிதன்று. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு உண்டு; அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் தன்மையது. ஆகவே மழையே பெய்யாத சித்திரை இரவிலும், வண்டியின் அடியில் ஒட்டிய உப்புப் படலம் நனைந்தபடியே இருக்கிறது. துரு ஓய்வெடுப்பதில்லை. பிரேக் எண்ணெய் செல்லும் எஃகுக் குழாய்கள், கைப்பிரேக்கின் கம்பிவடம், முன் காலிப்பர் நகரும் ஊசிகள், டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் ஆகியவை முதலில் கெடுகின்றன. காலிப்பர் ஊசி இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். குழாய் கெடுவது எல்லாவற்றினும் கொடியது. மேலே பூச்சு நன்றாகத் தோன்ற, பிடிப்புக் கிளிப்புகளின் அடியில் மெல்ல அரித்துக்கொண்டே வந்து, ஓட்டுநர் பலமாக மிதிக்கின்ற அந்த அவசர நேரத்தில்தான் வெடிக்கும்.

பனி பெய்யும் நாடுகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். அமெரிக்காவில் பிக்கப் வண்டிகள் முதலியவற்றின் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து ஒழுகுவதாகப் புகார்கள் குவிந்தமையால், சுமார் 50 லட்சம் வண்டிகளைப் பற்றி அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து, 2015 ஏப்ரலில் விசாரணையை முடித்தது. அப்போது 2007-க்கும் அதற்கு முன்னும் வந்த வண்டிகளை உடையோர்க்குத் துறை அறிவுரை வழங்கிற்று: வண்டியின் அடிப்புறத்தை நன்கு கழுவுக, குழாய்களைச் சோதிக்க, துரு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தால் ஒரு துண்டை மட்டுமன்றிக் குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்றுக. அங்கே சில மாதங்கள் தூவப்படும் உப்புக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், உப்பையே சரக்காக ஏற்றும் நம் வண்டிகளுக்கு எவ்வளவு வேண்டும்!

மெய்யான அபிவிருத்தி செய்ய விரும்புவோர் முதலில் குழாயிலிருந்து தொடங்கலாம். செம்பு நூற்றுக்குத் தொண்ணூறும், நிக்கல் ஏறத்தாழப் பத்துமாகச் சேர்ந்த உலோகக் கலவையால் ஆன பிரேக் குழாய்கள் உண்டு. ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சிலர் 1970-களிலேயே இதற்கு மாறினர். உப்பு இதனை எளிதில் அரிப்பதில்லை. ஆனால் வெறும் செம்புக் குழாயைப் போட்டுவிடலாகாது; அது அதிர்வினால் இறுகி வெடிக்கும். முனையை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவி உள்ள பட்டறையிலேயே இவ்வேலையைக் கொடுக்க வேண்டும். கூடவே, சக்கரத்தருகே வளையும் ரப்பர்க் குழாய்களில் வெடிப்போ உப்பலோ இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுக.

அடுத்தது எண்ணெய். பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 எனப்படும் எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கலாகாது என்பது தர விதி; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4 எண்ணெய்க்கு இவ்வெல்லைகள் 230-ம் 155-ம் ஆகும். பாரத்தோடு அடிக்கடி மிதிக்கும்போது எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், பெடல் பஞ்சு போல் அமுங்கும், சக்கரம் நிற்காது. வண்டியின் கையேடு அனுமதித்தால் டாட் 4 ஊற்றி, இரண்டாண்டுக்கொரு முறையேனும் பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிதிடுவது இக்கடற்கரையில் மிக அவசியம். திறந்து மாதக் கணக்கில் வைத்த டின்னில் மிச்சம் இருப்பதை வீணாகிறதே என்று ஊற்றலாகாது.

பேட், லைனிங் விஷயத்தில் மலிவை நாடாதிருப்பதே விவேகம். சென்னையில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் நம் மாநிலத்திலேயே நல்ல உறுப்புகளைத் தயாரிக்கின்றன. பெட்டியும் முத்திரையும் பார்த்து, பில்லோடு வாங்கலாம். 'மிகக் கடினமான பேட், தேயவே தேயாது' என்று விற்கப்படுவதில் மயங்க வேண்டாம். அது காய்ந்த பிறகே பிடிக்கும். சமவெளியில் விட்டுவிட்டு மிதிக்கும் நம் ஓட்டத்தில் முதல் மிதிக்கே பிடிப்பு வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதுவது பட்டறைகளில் வழக்கமாயிருக்கிறது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

வேறு பெரிய வண்டியின் டிஸ்க்கையோ அச்சையோ கொண்டுவந்து பொருத்துவது பற்றி: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள அசல் குறிப்புகளுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 113-ஆம் பிரிவு, பதிந்த மொத்த எடைக்கு மேல் ஏற்றுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். இரண்டு நடையை ஒன்றாக்கி மிச்சம் பிடித்த டீசல் எத்தனை நாளைக்கு இதனை ஈடுகட்டும் என்று அங்கத்தினர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பெரிய பிரேக் போட்டதனால் அனுமதித்த பாரம் ஒரு கிலோவும் கூடுவதில்லை. தொடர்ந்து அதிகப் பாரம் ஏற்ற வேண்டிய தொழிலுடையோர்க்கு ஏற்ற வழி, அடுத்த அளவு வண்டியை வாங்குவதே. தனியே இயலாதோர் இருவர் மூவராகச் சேர்ந்து வாங்கலாம். சங்கம் என்று ஒன்றை வைத்திருப்பது பின் எதற்கு?

தினசரிக் காரியங்கள் அதிகமில்லை. உப்பைக் குவியலில் நன்றாக வடியவிட்டு ஏற்றினால், நீரைச் சுமக்கும் வீண் கூலியும், அடியில் ஒழுகும் கேடும் ஒருங்கே குறையும். (ஈரத்தோடு எடை போட்டு விற்க நினைப்போர்க்கு இந்த யோசனை பிடிக்காது.) தொட்டியில் கெட்டியான தார்ப்பாயை விரித்து ஏற்றுக. மாலையில் வண்டியின் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுக. கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீரே உவர்ப்பாக இருப்பதால் அதனைக் கொண்டு கழுவுவதில் பயனில்லை. கழுவியபின் சிறிது தூரம் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி ஓட்டி உலர்த்துக.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மரக்காணத்து அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. சக்கரம் மூழ்குமளவு உவர்நீரில் நின்ற எந்த வண்டியையும், ஓடுகிறதே என்று ஓட்டாமல், நான்கு சக்கரங்களையும் கழற்றி டிரம்மைத் திறந்து கழுவி, பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸ் இட்டபின்னரே பாரம் ஏற்ற வேண்டும். மேலே கூறிய குழாய் வேலைக்கும் எண்ணெய் மாற்றுக்கும் ஏற்ற காலம், அளங்கள் ஓயும் ஐப்பசி, கார்த்திகையே. வண்டிக்கும் அப்போது வேலை குறைவு. அம்மாதங்களில் பல நாள் நிறுத்திவைக்கும்போது கைப்பிரேக்கை இழுத்து வைக்க வேண்டாம். ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்தின் முன்னும் பின்னும் சவுக்குக் கட்டை கொடுத்து நிறுத்துக.