ஒல்லி உடம்பு, கொழுத்த கல்லீரல்

வயிற்று வலி என்று போன ஆண்டு ஸ்கேன் எடுத்தபோது, ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கல்லீரல் கெடுவது குடிகாரர்களுக்கு அல்லவா! வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. 170 செ.மீ. உயரத்துக்கு 64 கிலோ என்பது அதிக எடையும் அல்ல. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருந்தது. நம் அன்பர்களில் வேறு சிலரும் இப்படி ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்திருக்கக்கூடும்.

டாக்டர் எடையைப் பார்க்கவில்லை, டேப்பை எடுத்தார். வயிற்றுச் சுற்றளவு 96 செ.மீ. “இருபது வருடமாக என் பேண்ட் 34 அங்குலம்தானே?” என்றேன். சிரித்தார். தொப்பை வளர வளர பெல்ட் கீழே இறங்கிவிடுகிறது. பேண்ட் அளவு மாறுவதே இல்லை!

ரயில்வேயில் பாலத்துக்கு வண்டியின் மொத்த எடையை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஆக்சிலிலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்றும் பார்ப்போம். உடம்புக் கொழுப்பின் கணக்கும் அதுவே. தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படியல்ல. அங்கிருந்து கரைவது ரத்தக்குழாய் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. போதாக்குறைக்கு, மிஞ்சிய சோற்றையும் இனிப்பையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றுகிறது. கொழுத்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. டிரைகிளிசரைடும் ஏறுகிறது. பிறகு நீரிழிவு, இதயநோய்; சிலருக்குக் கல்லீரலே தழும்பேறிச் சுருங்கிவிடும். இந்தச் சம்பந்தத்தால்தான் 2023-ல் மருத்துவர்கள் ‘மது சாராத’ என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறைச் சேர்த்துப் புதுப்பெயர் வைத்தார்கள்.

நம் நாட்டவர்க்கு இது கூடுதல் தொல்லை. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் உடம்பையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! அதனால்தான் இந்தியருக்கு பி.எம்.ஐ. 23 தொட்டாலே அதிகம் என்கிறார்கள். என்னுடையது 22தான், அப்படியும் தப்பவில்லை.

ஆகவே டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். (எக்குவதில் நான் கெட்டிக்காரன்.) ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் சோதனைகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரல் ரத்தச் சோதனை சரியாக இருந்தாலும் கொழுப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு மருந்து எதுவும் தரவில்லை. மூன்று கிலோ குறைக்கச் சொன்னார். காலையில் அல்சூர் ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் வேகநடை. இரவுச் சோறு பாதியாகி, காயும் சுண்டலும் கூடின. கஷ்டம் நடையில் இல்லை. நடை முடிந்ததும் நண்பர்கள் தர்சினியில் மசால் தோசையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிடும்போது பக்கத்தில் நிற்பதுதான். எட்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கி, சுற்றளவு 91-க்கு வந்திருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன்.