மின்தூண்டல் அடுப்பு பாதிச் சமையலில் நின்றுவிடுவது ஏன்?

கடைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு என வழங்கும் மின்தூண்டல் அடுப்பு, பழைய மின்சார அடுப்பினின்றும் அடிப்படையிலேயே வேறுபட்டது. பழைய அடுப்பில் கம்பிச்சுருள் பழுக்கக் காய்ந்து, அதன் உஷ்ணம் பாத்திரத்திற்குச் செல்கிறது. தூண்டல் அடுப்பிலோ உஷ்ணம் பாத்திரத்தின் அடிப்பாகத்திலேயே பிறக்கிறது. கண்ணாடித் தட்டின் கீழுள்ள செப்புச் சுருளில் வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் அலையும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப் புலம், மேலே வைக்கப்பட்ட இரும்புப் பாத்திரத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தோற்றுவிக்க, அவற்றால் உலோகம் சூடேறுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு ஆதாரம்.

மத்திய மின்சார அமைச்சகத்தைச் சார்ந்த எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் நிறுவனம், 20 லட்சம் தூண்டல் அடுப்புகளை மக்களிடம் சேர்ப்பிக்கும் நோக்கத்துடன் 2023 நவம்பரில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அடுப்பு வீட்டிற்குள் வந்தபின், கிராமங்களுக்குச் செல்லும் களப் பணியாளரிடம் எழும் முறையீடுகளுள் ஒன்று, “அதிகச் சூடு என்று காட்டி நடுவில் நின்றுவிடுகிறது” என்பதாகும். இம்முறையீட்டை அற்பமாகக் கருதலாகாது. இருமுறை பாதிச் சமையலில் நின்ற அடுப்பு மூன்றாம் முறை பரணில் ஏறிவிடும். சமையலறைக்கு விறகும் புகையும் திரும்பிவிடும். இல்லையேல், வீட்டிலுள்ள யாரேனும் திருப்புளியுடன் அதைத் திறக்க முற்படுவர். பின்னது முன்னதினும் அபாயகரமானது.

அடுப்பு சூடாவதில்லை என்று விற்பனையாளர் கூறுவது முழு உண்மையன்று. 2,000 வாட் அடுப்பு தான் பெறும் மின்சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தன்னுள்ளேயே இழப்பதாகக் கொண்டாலும், அது 200 வாட் ஆகும். தடித்த அகராதி ஒன்றின் பருமனே உள்ள பெட்டிக்குள் இரண்டு பெரிய குண்டு பல்புகள் இடைவிடாது எரிவதற்கு இது ஒப்பாகும். இவ்வுஷ்ணத்தின் பெரும்பகுதி செப்புச் சுருளிலும், மின்னோட்டத்தை அதிவேகமாகத் திறந்து மூடும் குறைகடத்தி உறுப்பிலும் உண்டாகிறது. அவ்வுறுப்பு அலுமினியத் தகடுகளின்மேல் பொருத்தப்பட்டிருக்கும். சிறு விசிறியொன்று அடிப்புறத்துத் துளைகள் வழியே காற்றை இழுத்து, அத்தகடுகளின்மீது செலுத்தி, பின்புறமாக வெளியேற்றுகிறது.

அடுப்பினுள் உஷ்ணத்தைக் காவல் காக்கும் தெர்மிஸ்டர்கள் பொதுவாக இரண்டு. ஒன்று கண்ணாடித் தட்டின் நடுவில், அடியில் ஒட்டியிருந்து பாத்திரத்தின் சூட்டை உணர்கிறது. மற்றொன்று குறைகடத்தி உறுப்பின் அருகிலிருந்து பெட்டியின் உட்சூட்டை உணர்கிறது. இவற்றுள் எது எல்லை மீறினாலும் அடுப்பு தானே நின்றுவிடும். ஆகவே அடுப்பு நின்றது என்பது பெரும்பாலும் பழுதின் அறிகுறியன்று. காவலாளி விழித்திருக்கிறான் என்பதே அதன் பொருள். எந்தக் காவலாளி தடுத்தான் என்பதைக் கண்டறிவதே முதல் வேலை. சில அடுப்புகள் இதற்கெனக் குறியெண் காட்டும். ஆயினும் ஒரே எண் வெவ்வேறு தயாரிப்புகளில் வெவ்வேறு பொருள் தருமாதலால், உடன் வந்த கையேட்டைப் பாராமல் முடிவு கூறலாகாது.

கையேடு இல்லாத வீட்டில் தண்ணீரே போதும். அடுப்பை அரைமணி நேரம் ஆறவிட்டு, அடி தட்டையான எஃகுப் பாத்திரத்தில் 2 லிட்டர் நீர் ஊற்றி, முழு விசையில் வைக்கவேண்டும். நீர் உள்ளவரை பாத்திரத்தின் அடி 100 டிகிரி சென்டிகிரேடைவிட மிக அதிகமாக ஏற வழியில்லை. எனவே மேலுள்ள காவலாளிக்கு இங்கே வேலையில்லை. 2,000 வாட் அடுப்பில் 30 டிகிரி நீர் ஏறக்குறைய 6 நிமிஷத்தில் கொதிக்கத் தொடங்கும். மொத்தம் 20 நிமிஷம் ஓடவிட்டால் அரை லிட்டருக்குச் சற்று மேல் ஆவியாகும். இவ்வளவு நேரமும் அடுப்பு நில்லாமல் ஓடிற்றாயின், அடுப்பில் குறையில்லை. குறை பாத்திரத்திலோ சமைக்கும் முறையிலோ உள்ளது. இடையில் நின்றுவிட்டால், சூடு பெட்டிக்குள் இருக்கிறது, அல்லது உணர்வி தவறாகக் காட்டுகிறது. பள்ளி ஆசிரியர் இதனை வகுப்பில் செய்துகாட்டி, ஆவியான நீரை அளந்து, பாத்திரத்தை அடைந்த சக்தியை மாணவரையே கணக்கிடச் செய்யலாம்.

பாத்திரத்தால் வரும் தொல்லைக்கு வட இந்தியச் சமையலறையின் ரொட்டித் தவா சிறந்த உதாரணம். வெறும் தவாவில் நீரில்லை. சூட்டைத் தணிக்க எதுவுமில்லை. ரொட்டிக்கு வேண்டிய சூடு 200 டிகிரிக்கும் மேலாதலால், தவாவின் உஷ்ணம் கண்ணாடியில் இறங்கி, மேலுள்ள தெர்மிஸ்டரை எல்லைக்குக் கொண்டுசெல்கிறது. தவா சூடேறியதும் விசையைப் பாதியாகக் குறைப்பதே பரிகாரம். குழிந்த தவா மேலும் தொல்லை தரும். அதன் நடுப்பகுதி கண்ணாடியைத் தொடாமல் நிற்பதால் தெர்மிஸ்டர் உண்மைச் சூட்டைத் தாமதமாகவே அறிகிறது. நெடுநாள் காய்ந்து அடி நெளிந்த மெல்லிய எஃகுச் சட்டிகளும் இவ்வகையின. அவற்றில் எண்ணெய் காய்ச்சுவது நன்றன்று. காவலாளி விழிக்குமுன் எண்ணெய் புகைந்து தீப்பற்றக்கூடும்.

சூடு பெட்டிக்குள் என்று தெரிந்தால் காற்றின் வழியை ஆராயவேண்டும். ஒரு விரல் அகலக் காகித நறுக்கைப் பின்புறத்துத் துளைகளருகே பிடித்தால் அது வெளிநோக்கிப் பறக்கவேண்டும். அசையாவிடில் விசிறி ஓடவில்லை, அல்லது வழி அடைபட்டுள்ளது. அடுப்பின் கீழே செய்தித்தாளோ பிளாஸ்டிக் விரிப்போ விரிப்பது மிகச் சாதாரணமான வழக்கம். மேடை அழுக்காகாது என்பது நல்லெண்ணமே. ஆனால் விசிறி இழுக்கும்போது அவ்விரிப்பு எழும்பி, காற்றுப் புகும் துளைகளை மூடிவிடுகிறது. சுவரோடு ஒட்டி வைப்பதும் அத்தகையதே. வெளியேறிய வெப்பக் காற்று முட்டித் திரும்பி மீண்டும் உள்ளே புகுகிறது. நாற்புறமும் ஒரு சாண் இடம் விடுவது நலம். அடுப்பின் அருகிலேயே மாவு உருட்டும் வீடுகளில், பறக்கும் கோதுமை மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து துளைகளில் பசைபோல் படிகின்றன. பிளக்கைப் பிடுங்கி, நன்கு ஆறியபின், உலர்ந்த தூரிகையால் அவற்றை நீக்கவேண்டும், நீர் படலாகாது.

விசிறி அறைக்காற்றையே தருகிறது என்பதையும் மறத்தலாகாது. ராஜஸ்தானத்தின் பலோடியில் 2016 மே 19 அன்று வெப்பநிலை 51 டிகிரியைத் தொட்டது. இத்தகைய பிரதேசங்களில் கோடை நண்பகலில், ஜன்னலற்ற சமையலறையில், குற்றமற்ற அடுப்பும் நிற்கக்கூடும். அங்கே விசையைக் குறைப்பதும் காலையிலேயே சமைப்பதுமே வழி.

சிக்கனமான குடும்பங்களில் மற்றொரு பழக்கம் உண்டு. சமையல் முடிந்த கணமே சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுகின்றனர். விசிறி மேலும் சில நிமிஷங்கள் ஓடி உட்சூட்டை வெளியேற்றவேண்டியது. மின்சாரம் அற்றதும் அதுவும் நிற்க, சூடு உள்ளேயே தங்கி உறுப்புகளின் ஆயுளைக் குறைக்கிறது. விசிறி ஓய்ந்தபின் அணைத்தால் போதும். அதற்காகும் மின்சாரம் மிகச் சொற்பம்.

அடுப்பைவிட்டு பிளக்கையும் தொட்டுப் பார்க்கவேண்டும். 2,000 வாட் அடுப்பு 230 வோல்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும்; 6 ஆம்பியர் சாக்கெட் இதற்கு உரியதன்று. தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே அவ்விடத்தில் 38 வாட் உஷ்ணம் உண்டாகும். பிளக் கைபொறுக்காமல் சுட்டாலோ, பழுப்பேறினாலோ, அடுப்பை அன்றே நிறுத்தி, மின்பணியாளரைக் கொண்டு 16 ஆம்பியர் சாக்கெட் பொருத்தவேண்டும். மின்னிறக்கம் முதலில் நிகழுமிடம் அடுப்பன்று, சுவரே என்று வீட்டார் அறியாதிருப்பது வழக்கம். தீயும் அங்கிருந்தே தொடங்கலாம்.

இவையனைத்தும் வெளியிலிருந்தே செய்யத்தக்கவை. மூடியைத் திறப்பது களப் பணியாளரின் வேலையன்று. உள்ளே உள்ள மின்தேக்கி, 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சமான 325 வோல்ட் வரை ஏற்றம் பெறுவது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவ்வேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆறிய அடுப்பு போட்டவுடனே அதிகச் சூடு என்று காட்டினாலும், காற்றுவழி திறந்திருந்தும் விசிறி ஓடாவிடினும், கண்ணாடியில் மயிரிழை விரிசல் கண்டாலும், பிளக்கைப் பிடுங்கிவைத்து, பயிற்சி பெற்ற பழுதுநீக்குவோரிடம் ஒப்படைக்கவேண்டும். தண்ணீர்ச் சோதனையில் எத்தனையாவது நிமிஷத்தில் நின்றது, காகிதம் அசைந்ததா என்ற இரு விவரங்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி உடன் அனுப்பினால், அவருக்குப் பாதி வேலை குறையும்.