மேசை நடுவே தணல்

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களிடையே வாழும் உருத்திரபுரத்து வாசகர்க்கு இறைச்சியைத் தணலில் வாட்டி உண்பது புதுமையன்று. ஆயினும், அடுப்பைக் குசினியிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து, நண்பர்கள் சூழ அமரும் மேசையின் நடுவிலேயே பதித்து, உண்போரே சுட்டு உண்ணுமாறு கொரிய மக்கள் அமைத்திருக்கும் மேசையடுப்பு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கதோர் இயந்திரமாகும். 2004ஆம் ஆண்டில் தொடங்கிய தொழில் அனுமதி முறையின் கீழ், கொரிய மொழிப் பரீட்சையில் தேறித் தென்கொரியா செல்லும் இலங்கை இளைஞர், வேலை முடிந்த மாலைகளில் சகாக்களோடு கூடியமர்வதும் இத்தகைய மேசைகளிலேதான்.

மேசையின் மையத்திலுள்ள வட்டக் குழியில், வெளியே மூட்டப்பட்ட தணலை ஒரு சட்டியில் கொணர்ந்து இறக்கி, அதன்மீது கம்பித்தட்டை வைப்பார்கள். விறகைக் கரியாக்கும்போதே புகைக்குக் காரணமான ஆவிப்பொருள்கள் பெரும்பாலும் நீங்கிவிடுவதால், நல்ல கரி சுவாலையின்றிக் கனன்று, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களாக உஷ்ணத்தை வீசுகின்றது. நம்மூர் இஸ்திரிப்பெட்டிகளில் சிரட்டைக்கரி விரும்பி இடப்பட்டதற்கும் இக்குணமே காரணம்.

அங்ஙனமாயின் புகை எங்கிருந்து எழுகின்றது? உருகிய கொழுப்பு தணலில் சொட்டிக் கருகுவதனால் எழுகின்றது. அதனை அகற்றுவதற்காகக் கூரையிலிருந்து யானையின் துதிக்கைபோல் நீண்டு இறங்கும் குழாயொன்றை, வேண்டிய உயரத்திற்கு இழுத்து நிறுத்துவர். சில கடைகளில் அடுப்பின் விளிம்பிலுள்ள துவாரங்களின் வழியே புகை கீழ்நோக்கி உறிஞ்சப்படும். இரண்டிலும் மின்விசிறியே வேலை செய்கின்றது. எரியும் கரியிலிருந்து நிறமும் மணமுமற்ற நச்சு வாயுவாகிய காபனோரொட்சைட்டும் வெளிப்படுமாதலால், இக்குழாயை வெறும் சௌகரியமென்று எண்ணலாகாது. அஃது உயிர்காப்புச் சாதனம். காற்றோட்டமற்ற அறையினுள் கரிச்சட்டியை வைத்து இவ்விருந்தைப் போலச் செய்ய எவரும் துணியவே கூடாது.

இறைச்சி சுடப்படும்போது அதன் மேற்பரப்பு 140 பாகை செல்சியசைத் தாண்டியதும், புரதக் கூறுகளும் சர்க்கரையும் ஒன்றோடொன்று தாக்கமுற்றுப் பொன்னிறமும் நறுமணமும் விரைந்து பிறக்கின்றன. 1912ஆம் ஆண்டில் இதனை விவரித்தவர் லூயி கமில் மய்யார் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர். ‘புல்கோகி’ என்னும் கொரியச் சுட்ட இறைச்சி வகைக்கு இறைச்சியை மெல்லியதாகச் சீவுவதால், மேற்புறம் பொன்னிறமாகும் வேளைக்குள் உட்புறமும் வெந்துவிடுகிறது. சோயாச் சாறு, உள்ளி, எள்ளெண்ணெய் இவற்றோடு அரைத்த பேரிக்காயையும் சேர்த்து ஊறவைப்பது அவர்கள் வழக்கம். முற்றிய ஆட்டிறைச்சியோடு பப்பாசிக்காயைச் சேர்க்கும் நம் தாய்மார் இதன் நோக்கத்தை உடனே அறிந்துகொள்வர்.

மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் விலக்குவோர்க்குச் சுன்சொன் நகரத்துக் கோழி வகையான ‘தக்கல்பி’ உகந்தது. எவ்வகையாயினும், பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுத்தலாகாது. கிருமிகள் அவ்வழியே பரவும். வெந்த துண்டுகளை மேசையிலேயே கத்தரிக்கோலால் நறுக்கி, கீரையிலையில் வைத்து, காரமான அவரை விழுதைத் தடவிச் சுருட்டி, ஒரே கவளமாக உண்பர். ஒருவர் சுட, மற்றவர் நறுக்க, வேறொருவர் இலையில் மடித்து அயலவர் கையில் கொடுக்க, பேச்சும் உணவும் சேர்ந்தே நடைபெறும் இந்த ஒழுங்கையே நான் பெரிதும் விரும்புகிறேன். இறைச்சி முடிந்தபின், பனிக்கட்டி மிதக்கும் குளிர்ந்த நூடில்ஸ் வரும். கொழுப்புண்ட நாவிற்கு அதன் புளிப்பு மிக இதமானது.