வாலுப் பையனும் வாய் பேசாத பெண்ணும்

“எங்க வீட்டுப் பையன் ஒரு நிமிஷம் ஓரிடத்துல உட்கார மாட்டான். சரியான வாலு!” இரண்டு அம்மாக்கள் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கேரட்டும் மலைப்பூண்டும் வாங்கி முடிப்பதற்குள் நாலு பேர் வாயிலாவது இதைக் கேட்டுவிடலாம்.

குழந்தை என்றால் துறுதுறுவென்றுதான் இருக்கும். பூம்பாறையிலும் வில்பட்டியிலும் மேடு பள்ளத்தில் ஓடி வளர்கிற பிள்ளைகள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்! ஆனால் அந்தத் துறுதுறுப்பே படிப்பையும், நட்பையும், வீட்டு நிம்மதியையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் சும்மா விட்டுவிடக் கூடாது. டாக்டர்கள் இதைச் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். கவனம் நிலைக்காமை ஒரு பக்கம். அடங்காத துறுதுறுப்பும் முன்பின் யோசியாத அவசரமும் இன்னொரு பக்கம். சிலருக்கு ஒன்று மட்டும் இருக்கும், சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும்.

இது புதிதாக முளைத்த வியாதி அல்ல. 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாக இருந்தும் அடங்காமல், கவனம் நிலைக்காமல் இருந்த குழந்தைகளைப் பற்றி விளக்கியிருக்கிறார். நம் கோயம்புத்தூரில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 100-க்குச் சுமார் 11 பேருக்கு இது இருந்ததாம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பையன்கள். ஒரு பங்கு பெண் குழந்தைகள்.

எப்படிக் கண்டுகொள்வது?

கவனக் குறைவு: கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பது, தெரிந்த கணக்கிலேயே கூட்டல் குறியைப் பார்க்காமல் தப்பு விடுவது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது, பென்சில், டிபன் பாக்ஸ், ஸ்வெட்டர் என்று தினம் ஒன்றைத் தொலைத்துவிட்டு வருவது.

துறுதுறுப்பும் அவசரமும்: உட்கார்ந்த இடத்தில் நெளிவது, வகுப்பில் எழுந்து நடப்பது, ஓயாமல் பேசுவது, கேள்வி முடியுமுன்னே பதில் சொல்வது, தன் முறை வரும்வரை பொறுக்காமல் இடையில் புகுவது.

ஒவ்வொரு பிரிவிலும் 9 அறிகுறிகளை டாக்டர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவில் குழந்தைக்கு 6, பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 இருக்க வேண்டும். அதுவும் 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தொடங்கியிருக்கவும் வேண்டும். நம் மலையில் குறிஞ்சி ஒரு முறை பூத்து மறுமுறை பூக்கிற காலம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

சத்தம் போடாத பெண்

பையன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தால் பள்ளியிலிருந்து உடனே ஆள் வரும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி யார் சொல்லப் போகிறார்கள்? அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லையே!

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண். ஏழாவது படித்தாள். கடைக்கு அனுப்பினால் வழியிலேயே என்ன வாங்க வந்தோம் என்று மறந்து நிற்பாள். வீட்டில் ‘அசடு’ என்றே பேர். “எட்டாவதோட நிறுத்திட்டுத் தோட்ட வேலைக்கு அனுப்பிடலாம்” என்று அவள் அப்பா முடிவே செய்துவிட்டார். நல்லவேளை, ஒரு டீச்சர் கவனித்தார். வாயால் கேட்டால் சரியாகப் பதில் சொல்கிற பெண் பரீட்சைத் தாளைப் பாதியில் விடுகிறாளே என்று யோசித்து, டாக்டரிடம் காட்டச் சொன்னார். இதுதான் என்று தெரிந்தது. முன் பெஞ்சில் உட்கார வைத்து, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்து, சிகிச்சையும் தொடர்ந்தார்கள். இப்போது பத்தாவது போகிறாள். முதல் மார்க் இல்லைதான். ஆனால் ‘அசடு’ என்ற பேர் போயிற்று, படிப்பும் நிற்கவில்லை.

பெரியவர்களுக்குமா?

ஆமாம். நடிகர் ஃபகத் ஃபாசில், தனக்கு 41 வயதில்தான் இது கண்டறியப்பட்டது என்று 2024 மே மாதம் கேரளத்தில் ஒரு விழாவில் சொன்னார். வளர்ந்த பிறகு ஓட்டமும் குதிப்பும் குறைந்துவிடும். மனசுக்குள் இருக்கும் பரபரப்பு குறையாது. பத்து வேலை தொடங்கி ஒன்றும் முடியாது. கரண்ட் பில் கடைசித் தேதி போய்விடும். அடுத்தவர் பேசி முடிக்கப் பொறுக்காது. பெண்ணாக இருந்தால் ‘பொறுப்பில்லாதவள்’ என்ற பட்டம் வேறு! இது பரம்பரையாகவும் வருவதால், பிள்ளையைக் காட்டப் போன இடத்தில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருப்பது தெரிய வருவதும் உண்டு.

அதற்காக, என்றோ ஒரு நாள் பால் பொங்கி வழிந்ததற்கெல்லாம் பயப்படாதீர்கள். சின்ன வயசு முதல் தொடர்ந்து, வாழ்க்கையைக் குலைக்கிற அளவுக்கு இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நாமே முடிவு கட்டலாமா?

கூடவே கூடாது. காது மந்தம், பார்வைக் குறைவு, தூக்கக் குறைவு, தைராய்டு, ஒரு சில வினாடி வெறித்துப் பார்க்கிற வகை வலிப்பு இவையெல்லாம் இதே மாதிரி தெரியலாம். மனக்கவலையும் அப்படித்தான். அதனால் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் வீட்டுக்கு வீடு செய்கிற சாக்லேட்டைத் தின்றதால்தான் பிள்ளை ஆடுகிறான் என்பார்கள். சர்க்கரையால் இது வருவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும். அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் இதுவும் உண்டு. அவர்களிடம் கேளுங்கள், மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பணமில்லாமல் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆறு வயதுக்குள் என்றால் பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான் முதல் வைத்தியம். பெரிய பிள்ளைகளுக்கு மருந்தும் தேவைப்படலாம். டாக்டரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

• ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

• எழுந்திருப்பது, படிப்பது, தூங்குவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

• கால் மணி படிப்பு, ஐந்து நிமிஷம் ஓட்டம் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

• சரியாகச் செய்த உடனே பாராட்டுங்கள். சாயங்காலம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

• அடியால் கவனம் வராது, பயம்தான் வரும்.

உங்கள் வீட்டு வாலுவை ஆறு மாதம் பொறுமையாகக் கவனியுங்கள் சகோதரிகளே. அப்படியே, சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் ஒரு கண் பாருங்கள். அவளைப் பற்றி யாரும் புகார் சொல்லி அனுப்ப மாட்டார்கள்; நாமாகத்தான் பார்க்க வேண்டும்.