வெயில் காலத்துச் சாப்பாடு: கடைக்கும் வீட்டுக்கும் இடையில் இருவர் அறியவேண்டியவை

கண்டிப் பக்கத்தில் வெயில் மாசிப் பிற்பகுதியில் ஏறத் தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டு கழிந்து மழை இறங்கும்வரை நீடிக்கும். இப்பக்கத்திலுள்ள பிலிமத்தலாவை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நண்பகல் வெப்பம் 31, 32 பாகை செல்சியசைத் தொடுகிறது. தகரக் கூரை போட்ட சமையலறைக்குள் இன்னும் கூடும். மலைநாடு என்ற நினைப்பில் காலையில் வைத்த கறியை இரவுவரை மேசையில் மூடி வைக்கும் வழக்கம் இந்த மாதங்களில் ஆபத்தானது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் உணவில் கிருமிகள் மிக வேகமாகப் பெருகும். ஆகவே சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியே 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலமே எல்லை என்று கொள்வது நல்லது.

கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் ஒரு படி கூடுதல். இருவருக்கென்று எவ்வளவு குறைத்துச் சமைத்தாலும் மிஞ்சும். இருவரும் வேலைக்குப் போகிறவர்களானால் காலையில் ஒருமுறை சமைத்ததே மதியப் பார்சலாகவும் இரவுச் சாப்பாடாகவும் ஆகிறது. வாரத்தில் ஓரிரு மாலைகள் கொழும்பு - கண்டி வீதியோரக் கடைகளில் கொத்து, பிரைட் ரைஸ், ரோல்ஸ் என்று முடியும். பாதியைச் சாப்பிட்டு மீதியைக் கட்டிக்கொண்டு வந்து மறுநாள் சூடாக்குவதும் உண்டு. கடையில் எத்தனை மணிக்குச் சமைத்தது, வீட்டில் எத்தனை மணிவரை வெளியே இருந்தது என்ற கணக்கு இப்படித்தான் கைநழுவுகிறது.

'நன்றாகச் சூடாக்கினால் எல்லாம் செத்துப்போகும்' என்பது பரவலான நம்பிக்கை. சோற்றின் விஷயத்தில் இது பிழை. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துக்கள் கொதியைத் தாங்கும். சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்து ஒரு நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. பிரைட் ரைசுக்குக் காலைச் சோற்றை ஆறவைத்து மாலையில் வறுப்பது கடைகளின் வழக்கம். ஆறிய சோறு குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததா, அடுப்படியில் அகன்ற பாத்திரத்தில் கிடந்ததா என்பதே அந்தத் தட்டு பாதுகாப்பானதா என்பதைத் தீர்மானிக்கிறது. கையில் உள்ள புண், மூக்கு, தொண்டை வழியாக உணவில் சேரும் ஸ்டபிலோகொக்கஸ் கிருமியின் நச்சும் இதே வகை. கொத்து ரொட்டிக்குப் பிய்த்துப் போடும் கோழி இறைச்சி வெறுங்கையால் பிய்க்கப்பட்டு மணிக்கணக்கில் வெளியே இருந்தால், கல்லில் எவ்வளவு ஓசையோடு கொத்தினாலும் அந்த நச்சு அப்படியே தட்டுக்கு வரும்.

வீட்டில் சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, மூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாளைக்குள் ஒரே தடவை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும். மிஞ்சியதைத் திரும்பவும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. தேங்காய்ப்பால் சேர்த்த சொதியும் கறிகளும் வெயிலில் பிற்பகலுக்குள் புளிக்கத் தொடங்கும். அடுப்பையே காணாத தேங்காய்ச் சம்பல் அதற்கும் முன்பே கெடும். இருவர் வீட்டில் சம்பலை வேளைக்கு வேளை இடிப்பதே சரி.

மீன் தனியே கவனிக்க வேண்டிய பொருள். கண்டிக்கு வரும் கடல்மீன் நீர்கொழும்பு, சிலாபம், திருகோணமலை போன்ற கரையோரங்களிலிருந்து பல மணித்தியாலம் பயணப்பட்டு வருகிறது. வழியில் ஐஸ் குறைந்தால் சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். பொரித்தாலும் அவித்தாலும் அது போகாது. மீன் நாறாமலும் இருக்கலாம். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல நாக்குச் சுருக்கென்றால் அந்தத் துண்டைத் துப்பிவிட வேண்டும். சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தோல் தடித்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தால் ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கலாம். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று எண்ணி வாழ்நாள் முழுதும் மீனை ஒதுக்கிவிடுகிறார்கள். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை உடனே அழைக்க வேண்டும்; கட்டணம் இல்லை.

இலங்கைச் சாப்பாட்டுக் கடைகளில் தேநீர் கேட்டவர் முன்னால் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், மீன் பணிஸ் அடுக்கிய தட்டொன்று கேட்காமலே வந்து உட்காரும். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. மிஞ்சியவை அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். ஒருவர் தொட்டுப் பார்த்து வைத்த கட்லட், இன்னொருவர் இருமிய காற்று, ஈ எல்லாமே அந்தத் தட்டில் சேர்கின்றன. விருந்தோம்பலாகத் தோன்றும் இந்த வழக்கம் வெயில் காலத்தில் உண்மையான கேடு. தட்டைத் திருப்பி அனுப்பி, வேண்டியதை மட்டும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்துத் தரும்படி கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை.

சோற்றுப் பார்சலைச் சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டது. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, உறிஞ்சு குழல் போன்றவற்றுக்கான தடை 2023 ஒக்டோபரில் வந்தது. கொதிக்கும் சோற்றையும் எண்ணெய்க் கறியையும் பொலித்தீனில் கட்டித் தரும் கடையிடம் வாழையிலையிலோ வீட்டுப் பாத்திரத்திலோ தரும்படி கேட்கலாம்.

தண்ணீருக்கும் ஐசுக்கும் ஒரு பழைய பாடம் பக்கத்திலேயே உண்டு. 2007இல் கம்பளையில் செங்கண்மாரி என்ற ஈரலழற்சி ஏ பெருமளவில் பரவியது. ஊரின் குடிநீர் மீதே சந்தேகம் விழுந்தது. கிணற்று நீரோ ஊற்று நீரோ குடிக்கும் வீடுகள் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். கடையில் சர்பத், பழச்சாறு கேட்கும்போது ஐஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் ஐஸ் வேண்டாம் என்று சொல்வதே பாதுகாப்பு. மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி குடிநீரில் செய்ததாக இருக்கவேண்டும் என்றில்லை. மனைவி கர்ப்பிணியாக இருந்தால் அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், நாள்பட்ட குளிர்ந்த இறைச்சி வகைகள் மூன்றையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். லிஸ்ரீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும், கருவைப் பாதிக்கும்.

மின்வெட்டு வந்தால் பெட்டியைத் திறக்காமல் விட வேண்டும். மூடிய பெட்டி ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் குளிரைத் தாங்கும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது; 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அப்படிப்பட்ட நாளில் நான்கு மணித்தியாலத்தைத் தாண்டி இருந்த சமைத்த உணவு, இறைச்சி, மீன், பால் ஆகியவற்றைச் சுவைத்துச் சோதிக்காமல் எறிந்துவிட வேண்டும்.

கடையில் சாப்பிடுகிறவரின் உரிமைகளுக்கு அடிப்படை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். மனிதர் உண்ணத் தகாத, கெட்டுப்போன, கலப்படமான, நச்சுப் பொருள் சேர்ந்த உணவை விற்பது அச்சட்டப்படி குற்றம். சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் பிரதான உணவு அதிகாரி. ஊர் மட்டத்தில் சட்டத்தை நடத்துகிறவர்கள் சுகாதார வைத்திய அதிகாரியும், மக்கள் வாயில் 'பீ.எச்.ஐ.' என்று வழங்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். பரிசோதகர் கடைக்குள் நுழையலாம், சமையலறையைப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், கெட்ட உணவைக் கைப்பற்றலாம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வாடிக்கையாளர் கையில் சட்டம் இவ்வளவு வலுவான ஒருவரைத் தந்திருக்கிறது. ஆனால் அவரைக் கூப்பிடுகிறவர்கள் மிகக் குறைவு.

உணவகங்களைப் பரிசோதகர்கள் எச் 800 என்ற படிவத்தில் புள்ளியிட்டு ஏ, பி, சி, டி எனத் தரம் பிரிக்கிறார்கள். தரச் சான்றிதழ் சுவரில் தொங்கினால் அதன் திகதியையும் பார்க்க வேண்டும். தொங்காவிட்டால் கேட்கலாம். ஒரு கடையின் பரிசோதனை முடிவை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கவும் குடிமக்களுக்கு வழியுண்டு. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பிலிமத்தலாவையில் அலுவலகங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கின்றன. ஆனாலும் தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது எல்லோரும் செய்வது. அது பல நேரங்களில் தவறான குற்றச்சாட்டு. ஸ்டபிலோகொக்கஸ், பசிலஸ் நச்சுகள் வாந்தியை ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கொண்டுவரும். சல்மொனெல்லா ஆறு மணித்தியாலம் முதல் மூன்று நாள்வரை எடுக்கும். நெருப்புக் காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம், ஈரலழற்சி ஏ சராசரியாக நான்கு வாரம். ஆகவே முந்திய மூன்று நாட்களில் இருவரும் சாப்பிட்டவற்றை, வீட்டுச் சாப்பாடு உட்பட, நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் என்றால் அவர் மட்டும் சாப்பிட்டது எது என்ற கேள்வி பாதி விடையைத் தந்துவிடும்.

வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கியதும் ஒரு பக்கட் ஜீவனி நீரேற்று உப்பை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காமை, சிறுநீர் வெகுவாகக் குறைதல், தள்ளாட்டம் இவற்றில் ஒன்று கண்டாலும் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ போகத் தாமதிக்கக்கூடாது. உணவு நஞ்சாதல் இலங்கையில் அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்று. வைத்தியசாலை அதைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கும். பரிசோதகர் விசாரிக்க வருவார். வைத்தியரிடம் 'எங்கே, எப்போது சாப்பிட்டது' என்று தெளிவாகச் சொன்னால்தான் இந்தச் சங்கிலி இயங்கும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே படுத்தால் அடுத்த மேசையில் சாப்பிட்டவரும் மறுநாள் படுப்பார்.

மிஞ்சிய பார்சலை எறியாமல் சுத்தமான பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் தனியே வைக்க வேண்டும். பற்றுச்சீட்டு, உறையின் திகதி, புகைப்படம், மருத்துவச் சீட்டு ஆகியவையும் வேண்டும். அதே நாளில் பரிசோதகருக்குத் தெரிவித்தால்தான் கடையில் அதே சமையலின் மிச்சத்தை அவர் மாதிரியாக எடுக்க முடியும். கடை எந்தச் சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவில் இருக்கிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்: பிலிமத்தலாவை நகரம் யட்டிநுவரவில் வருகிறது, எம்பெக்கே, தவுலகல பக்கம் உடுநுவரவுக்குரியது. சான்று கையில் இல்லாமல் கடையின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதுவது எழுதியவர் மீதே அவதூறு வழக்கைக் கொண்டுவரக்கூடும்.

காசுப் பிரச்சினைகளுக்கு வழி வேறு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, தொலைபேசி 1977. கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. விதித்த அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது குற்றம்: 2025 ஏப்ரலில் வந்த விலைக்கட்டுப்பாட்டில் 500 மில்லிலீற்றர் குடிநீர்ப் போத்தலுக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100 ரூபா என்று வரையறுக்கப்பட்டது. உணவகம் என்பதால் கூடுதலாக எடுக்கச் சலுகை இல்லை. 10 வீத சேவைக் கட்டணம் அரசாங்க வரி அல்ல. வற் வரி போட்டிருந்தால் சீட்டில் வற் பதிவிலக்கம் இருக்க வேண்டும். பதிவில்லாத கடை அதை அறவிட முடியாது.

நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் திருப்பல் ஆகியவற்றுக்கும் இதே அதிகாரசபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். சிறு தகராறுகளை மத்தியஸ்த சபையிலும் தீர்க்கலாம். மூன்று மாதம் கடந்தால் அதிகாரசபை வழி அடைபடும். மாதிரி எடுக்கும் வாய்ப்போ பெரும்பாலும் மறுநாளே கடைக்காரர் பாத்திரம் கழுவும்போது போய்விடுகிறது. ஆகவே நோய் கண்ட அன்றே பரிசோதகருக்குச் சொல்லிவிடுங்கள்.